‘பேர் வரல்ல’ என்று சொன்னால்: மாற்றுத்திறனாளி கொடுப்பனவு – வாசகர் கேள்வி பதில்

இலங்கையில் மாற்றுத்திறனாளிகளுக்கான மாதாந்தக் கொடுப்பனவு 2023 இல் 5,000 ரூபாவாக இருந்தது. 2024 இல் 7,500 ஆகி, 2025 ஏப்ரலில் இருந்து 10,000 ரூபாவாக உயர்ந்திருக்கிறது. தொகை கூடக்கூட விண்ணப்பங்களும் கூடின, கூடவே மறுப்புகளும். மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் இருந்து வந்த கடிதங்களில், பலருக்கும் பொதுவான சிக்கல்கள் உள்ளவற்றைத் தெரிவு செய்து இம்முறை பதில் எழுதுகிறோம்.

கேள்வி: மகனுக்கு வயது 22. பிறவியிலேயே மூளை முடக்குவாதம். விண்ணப்பம் கொடுத்து ஒரு வருடத்துக்கு மேலாகிறது. மூன்று தரம் போய்க் கேட்டேன். ‘பேர் வரல்ல அம்மா’ என்று மட்டும் சொல்கிறார்கள். கடிதம் ஒன்றும் தரவில்லை. மேன்முறையீடு எப்படிச் செய்வது?
– படுவான்கரையிலிருந்து ஒரு தாய்

பதில்: அம்மா, ‘பேர் வரல்ல’ என்பது ஒரு தீர்மானம் அல்ல. அந்த இரண்டு சொல்லுக்குள் நான்கு வேறு விடயங்கள் இருக்கலாம். விண்ணப்பம் கணினியில் ஏற்றப்படாமலே கோப்பில் கிடக்கலாம். ஏற்றிய பிறகு கள விசாரணை முடியாமல் நிற்கலாம். விசாரணை முடிந்து தகுதியில்லை என்று மறுத்திருக்கலாம். அனுமதி கிடைத்தும் வங்கிக் கணக்கு இலக்கமோ அடையாள அட்டை இலக்கமோ பிழையாகிப் பணம் நின்றிருக்கலாம். இவற்றில் மூன்றாவதற்கு மட்டும்தான் மேன்முறையீடு தேவை. மற்ற மூன்றும் அலுவலகத்திலேயே திருத்தக் கூடியவை. எது என்று தெரியாமல் மேன்முறையீடு எழுதினால், இல்லாத மறுப்புக்குப் பதில் எழுதியதாகிவிடும். அதுவும் இன்னொரு கோப்பில் போய்ச் சேரும்.

இன்னொரு குழப்பமும் உண்டு. அரசின் நலன்புரித் திட்டமான அஸ்வெசுமவில் குடும்பத்துக்குக் கிடைக்கும் கொடுப்பனவு வேறு, மாற்றுத்திறனாளி ஒருவருக்குக் கிடைக்கும் மாதக் கொடுப்பனவு வேறு. உங்கள் குடும்பத்தின் பெயர் அஸ்வெசுமவில் வரவில்லை என்பதைத்தான் சொல்கிறார்களா, மகனின் கொடுப்பனவைச் சொல்கிறார்களா என்பதை முதலில் தெளிவாகக் கேளுங்கள்.

இனி வாயால் கேட்க வேண்டாம். பிரதேச செயலாளருக்கு ஒரு பக்கத்தில் கடிதம் எழுதுங்கள். மேலே மகனின் பெயர் (அடையாள அட்டையில் உள்ளபடியே, எழுத்து மாறாமல்), அடையாள அட்டை இலக்கம், கிராம உத்தியோகத்தர் பிரிவு, அஸ்வெசும பதிவில் கிடைத்த குடும்ப இலக்கம், விண்ணப்பம் கொடுத்த திகதி. கீழே மூன்று கேள்விகள் மட்டும்: விண்ணப்பம் இப்போது எந்த நிலையில் இருக்கிறது? மறுக்கப்பட்டிருந்தால் எந்தத் திகதியில், எந்தக் காரணத்துக்காக? மேன்முறையீட்டை யாரிடம், எந்தத் திகதிக்கு முன் கொடுக்க வேண்டும்? கஷ்டங்களை இந்தக் கடிதத்தில் எழுத வேண்டாம். அதற்கான இடம் மேன்முறையீடு. கேள்விக் கடிதத்தில் கஷ்டம் நிறைந்தால் அதை உதவி கேட்கும் கடிதமாக எடுத்து ஒதுக்கி வைத்துவிடுவார்கள், கேள்வி தொலைந்துபோகும்.

இரண்டு பிரதி எடுத்துப் போங்கள். ஒன்றைக் கொடுத்து, மற்றதில் திகதி முத்திரையும் கையொப்பமும் வாங்குங்கள். ‘வெச்சிட்டுப் போங்க’ என்றால் விட்டு வர வேண்டாம். நேரே தபாலகம் போய்ப் பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டை உங்கள் பிரதியோடு பின் அடித்து வையுங்கள். பிறகு யாரிடம் போனாலும் முதலில் கேட்கப்போவது அந்தச் சீட்டைத்தான்.

இரண்டு கிழமையில் பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது, 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டம். ஒவ்வொரு பிரதேச செயலகத்திலும் தகவல் அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும். ஆர்.டி.ஐ. 01 படிவத்திலோ வெள்ளைத் தாளிலோ கேட்கலாம், ஏன் கேட்கிறீர்கள் என்று சொல்லத் தேவையில்லை. விளக்கம் கேட்காமல் ஆவணம் கேளுங்கள்: மகனின் விண்ணப்பப் படிவம், அதோடு இணைந்த மருத்துவ அறிக்கை, களத்துக்கு வந்த உத்தியோகத்தர் எழுதிய குறிப்பு, இறுதித் தீர்மானம், இவற்றின் பிரதிகள். 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று அவர் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் அல்லது பேசாமல் இருந்தால், 14 நாட்களுக்குள் அதே நிறுவனத்தில் மேன்முறையீட்டைக் கேட்கும் குறித்தொதுக்கப்பட்ட அலுவலருக்கும், அங்கும் சரிவராவிட்டால் இரண்டு மாதங்களுக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்கும் போகலாம்.

ஆனால் இந்தத் தாள்களுக்காகக் காத்திருந்து மேன்முறையீட்டுத் திகதியைத் தவற விட்டுவிடாதீர்கள். அஸ்வெசும மேன்முறையீடுகளைக் காலம் அறிவித்துத்தான் ஏற்கிறார்கள். முடிவுத் திகதி கிட்ட இருந்தால் கையில் இருப்பதோடு மேன்முறையீட்டைக் கொடுத்து, ‘மேலதிக ஆவணங்களைப் பின்னர் சமர்ப்பிப்பேன்’ என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். காலம் திறந்திருக்கிறதா என்பதை அஸ்வெசுமவை நடத்தும் நலன்புரி நன்மைகள் சபையின் 1924 இலக்கத்தில் கேட்கலாம்.

கேள்வி: கணவர் வாவியில் மீன் பிடித்தவர். 2019 இலிருந்து வலிப்பு. தோணியில் இருந்து விழுந்து ஒரு தரம் உயிர் தப்பியது. டொக்டர் ‘வலிப்பு நோய்க்குச் சிகிச்சை பெறுகிறார்’ என்று கடிதம் தந்தார். அதை வைத்து விண்ணப்பித்தோம். பார்க்க வந்தவர், ‘நல்லாத்தானே நடக்கிறார்’ என்று சொல்லிவிட்டுப் போனார். இப்போது மறுப்பு வந்திருக்கிறது.
– மட்டக்களப்பு மாவட்ட வாசகி

பதில்: மறுப்புகளில் மிகக் கூடுதலாகக் காணப்படுவது இதுதான். நோயின் பெயர் தாளில் இருக்கிறது. நோய் மனிதரை என்ன செய்திருக்கிறது என்பது தாளில் இல்லை.

1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாப்பதற்கானது. அதில் வரும் வரைவிலக்கணத்தில் நோய்களின் பட்டியல் இல்லை. உடல் அல்லது உள ஆற்றலில் உள்ள குறைபாட்டால், பிறவியிலோ பின்னரோ வந்ததாக இருந்தாலும், தன் வாழ்க்கைத் தேவைகளை முழுமையாகவோ பகுதியாகவோ தானே பார்த்துக்கொள்ள முடியாதவர் என்பதே அதன் பொருள். ‘பகுதியாகவோ’ என்ற சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள். நடக்க முடிந்தவர் ஆற்றல் குறையாதவர் என்று சட்டம் எங்கும் சொல்லவில்லை. உங்கள் மேன்முறையீடு நிற்க வேண்டியது அந்தச் சொல்லின் மேல்தான்.

எனவே புதிய மருத்துவ அறிக்கை வேண்டும். அவர் தொடர்ந்து மருந்து எடுக்கும் அரச வைத்தியசாலைக் கிளினிக்கிலேயே கேளுங்கள். வெளி நோயாளர் பிரிவில் ஒருநாள் பார்த்தவர் எழுதும் துண்டுக்கும், இரண்டு மூன்று வருடமாகக் கிளினிக் கொப்பியில் எழுதி வருகிறவர் தரும் அறிக்கைக்கும் உள்ள எடை வேறு. தனியார் வைத்தியரின் கடிதத்தைத் துணையாக இணைக்கலாம், அதை மட்டும் நம்ப வேண்டாம்.

கிளினிக் நாளில் நூறு பேர் வரிசையில் நிற்பார்கள். வைத்தியருக்கு உங்கள் கதை கேட்க நேரம் இராது, அது அவர் குற்றமும் இல்லை. ஆகவே நீங்கள் அரைப் பக்கக் குறிப்போடு போங்கள். அதற்கு முன் ஒரு மாதம் ஒரு கொப்பியில் கோடு போட்டு எழுதி வாருங்கள்: திகதி, நேரம், எத்தனை நிமிடம், விழுந்தாரா, காயமா, பிறகு எவ்வளவு நேரம் தூங்கினார், பக்கத்தில் யார் இருந்தது. இரவில் வருவதையும் எழுதுங்கள். இரவு வலிப்பைக் குடும்பங்கள் கணக்கில் எடுப்பதே இல்லை. அந்தக் கொப்பியைக் காட்டினால் வைத்தியரால் எண்ணிக்கையோடு எழுத முடியும்.

அறிக்கையில் என்ன இருக்க வேண்டும் என்பதற்கு ஒரு மாதிரி: ‘2019 முதல் வலிப்பு. மருந்து ஒழுங்காக எடுத்தும் மாதம் 4 முதல் 6 தடவை வருகிறது. ஒவ்வொரு தடவையும் நினைவு இழக்கிறார், பின் சில மணி நேரம் தனித்து இயங்க முடியாது. நீர்நிலையில் தொழில் செய்யவோ, நெருப்பருகே வேலை செய்யவோ, வீதியில் தனியே செல்லவோ கூடாது. எந்நேரமும் துணை தேவை. நிலை நீண்டகாலமானது.’ எண்கள் உங்கள் கொப்பியில் உள்ளவையாக இருக்க வேண்டும். நாம் எழுதியதைப் பார்த்து எழுதிவிடாதீர்கள். மருந்துகளின் பெயரும் அளவும், கிளினிக் இலக்கம், வைத்தியரின் பெயர், பதவி, மருத்துவ சபைப் பதிவு இலக்கம், றப்பர் முத்திரை எல்லாம் இருக்கிறதா என்று கதவுக்கு வெளியே வரும் முன் பாருங்கள். முத்திரை இல்லாத அறிக்கை ஒன்றுக்காகத் திரும்ப ஒரு மாதம் காத்திருக்க வேண்டிவரும்.

விழுந்து வார்டில் வைத்திருந்தால், துண்டு வெட்டும்போது தந்த டயக்னோசிஸ் கார்டில் பி.எச்.டி. இலக்கம் (வார்டில் அவருக்கு வைத்த கோப்பின் இலக்கம்) இருக்கும். கார்ட் தொலைந்திருந்தாலும், அனுமதிக்கப்பட்ட திகதியைச் சொல்லி வைத்தியசாலைப் பணிப்பாளருக்கு எழுத்தில் கேட்டால் பதிவேட்டில் இருந்து தேட வழியுண்டு.

வேறு நோய் உள்ளவர்களுக்கும் ஒரு வார்த்தை. குறிப்பு எழுதும்போது ஆறு விடயத்தை ஒவ்வொன்றாகக் கேளுங்கள்: பார்ப்பது, கேட்பது, நடப்பதும் படி ஏறுவதும், நினைவு வைத்திருப்பதும் கவனம் செலுத்துவதும், குளிப்பதும் உடுப்பதும், மற்றவர் பேசுவதை விளங்கித் தான் சொல்ல வேண்டியதைச் சொல்வது. ஒவ்வொன்றிலும் கஷ்டமில்லை, கொஞ்சம் கஷ்டம், மிகவும் கஷ்டம், முடியவே முடியாது என்ற நான்கில் எது? உலகெங்கும் குடித்தொகைக் கணக்கெடுப்பில் கேட்கப்படும் கேள்விகள் இவை. மன நோய் உள்ளவர்களுக்கு நான்காவதும் ஆறாவதும்தான் உயிர்க் கேள்விகள். அவர்களைப் பார்த்தால் ‘ஒண்டும் இல்ல’ என்றுதான் தோன்றும்.

கள விசாரணைக்கு மறுபடி வருவார்கள். அன்று வீட்டில் நடக்கும் ஒரு தவறு: உத்தியோகத்தர் ‘எப்படி இருக்கிறார்?’ என்று கேட்டால், வந்தவரிடம் குறை சொல்லக் கூடாதென்று நம்மவர்கள் ‘சமாளிக்கிறம் சேர்’ என்பார்கள். அவர் ‘சமாளிக்கிறார்’ என்று எழுதிக்கொண்டு போவார். அந்தச் சொல்லைச் சொல்லாதீர்கள். கடந்த மாதம் எத்தனை தரம் வந்தது, யார் வேலையை விட்டுவிட்டு வீட்டில் நின்றது என்று சொல்லுங்கள். கூட்டியும் சொல்ல வேண்டாம். ஒரு விடயம் மிகைப்படுத்தல் என்று பட்டால் மற்ற ஒன்பது உண்மையும் அதோடு போய்விடும்.

கேள்வி: எங்கள் வீட்டில் ஓட்டோ இருப்பதாகக் காட்டுகிறதாம். அதை விற்று நான்கு வருடம். வாங்கியவர் இன்னும் பெயர் மாற்றவில்லை. இதனால் குடும்பக் கொடுப்பனவும் இல்லை. காலை இழந்த அப்பாவுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.
– அம்பாறை மாவட்டக் கரையோரத்திலிருந்து

பதில்: அஸ்வெசும தெரிவு கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, சொத்து, வீட்டு நிலை, குடும்ப அமைப்பு என்ற ஆறு பிரிவுகளில் 22 குறிகாட்டிகளைப் பார்க்கிறது. அதற்கு வாகனம் ‘ஓப்பன் பேப்பரில்’ கைமாறியது தெரியாது. மோட்டார் போக்குவரத்துத் திணைக்களப் பதிவில் யார் பெயரோ அவர்தான் உரிமையாளர்.

வாங்கியவரைக் கண்டுபிடித்துப் பெயர் மாற்றுவதே நிரந்தரத் தீர்வு. நாளைக்கு அந்த ஓட்டோ விபத்தில் சிக்கினாலும் தேடி வருவது உங்களைத்தான். ஆளைப் பிடிக்க முடியாவிட்டால், விற்ற ஒப்பந்தத்தின் பிரதி, விற்ற திகதி, வாங்கியவரின் அடையாள அட்டை இலக்கம் ஆகியவற்றோடு சமாதான நீதவான் முன்னிலையில் சத்தியக் கடதாசி முடித்து, ‘வாகனம் இந்தக் குடும்பத்தின் பாவனையில் இல்லை’ என்று கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தலையும் சேர்த்து மேன்முறையீட்டில் இணையுங்கள். ஒரே மீட்டரில் இரண்டு குடும்பம் மின்சாரம் எடுப்பவர்களும், தாய் தகப்பன் காணியில் குடிசை போட்டிருப்பவர்களும் இப்படித்தான் எழுத்தில் பிரித்துக் காட்ட வேண்டும்.

அப்பாவின் கொடுப்பனவை இதோடு முடிச்சுப் போட வேண்டாம். தனிக் கடிதமாகக் கேளுங்கள். கால் வெட்டிய சத்திரசிகிச்சைத் திகதி, முழங்காலுக்கு மேலா கீழா, செயற்கைக் கால் பொருந்துகிறதா, ஊன்றுகோலோடு எவ்வளவு தூரம் போகிறார் என்பவை மருத்துவ அறிக்கையில் இருக்கட்டும். செயற்கைக் கால் இருப்பதாக மட்டும் எழுதி, அது புண் படுத்துவதால் கிழமையில் நாலு நாள் கழற்றியே இருக்கிறது என்பதை விட்டுவிட்டால், வாசிப்பவர் ‘கால் இருக்கிறது’ என்றுதான் எடுப்பார்.

கேள்வி: அக்காவுக்குப் பிறவியிலேயே கேட்காது, பேசவும் மாட்டா. வயது 41. அடையாள அட்டையே இல்லை. சுனாமியில் பிறப்புச் சான்றிதழும் போய்விட்டது. விண்ணப்பத்தை எடுக்கவே மாட்டோம் என்கிறார்கள்.
– கல்முனைப் பக்கத்திலிருந்து ஒரு சகோதரர்

பதில்: இது மறுப்பு அல்ல, அத்திவாரம் இல்லாத வீடு. முதலில் பிறப்புச் சான்றிதழ். வீட்டில் இருந்த பிரதிதான் கடலோடு போனது, பதிவு போகவில்லை என்று எடுத்துக்கொண்டு பிரதேச செயலகத்தின் மேலதிக மாவட்டப் பதிவாளர் பிரிவில் தேடச் சொல்லி விண்ணப்பியுங்கள். பிறந்த திகதி சரியாகத் தெரியாவிட்டால் முன்பின் வருடங்களையும் சேர்த்துத் தேடச் சொல்லுங்கள். பதிவே இல்லை என்று எழுத்தில் வந்தால், காலம் பிந்திய பிறப்புப் பதிவுக்கோ உத்தேச வயதுச் சான்றிதழுக்கோ போகலாம். பாடசாலை இடாப்பு, ஞானஸ்நானப் பதிவு, சாதகக் குறிப்பு, பழைய தடுப்பூசி அட்டை என்று எது கிடைத்தாலும் எடுத்துப் போங்கள்.

அதை வைத்துக் கிராம உத்தியோகத்தர் ஊடாக ஆட்பதிவுத் திணைக்களத்துக்கு அடையாள அட்டை விண்ணப்பம். 15 வயதில் எடுக்க வேண்டியது பிந்தியதற்கான காரணத்தைக் கடிதமாக இணையுங்கள். பெயரை எழுதும்போது கவனம்: பிறப்புப் பதிவில் ‘பரமேஸ்வரி’, அட்டையில் ‘பரமேசுவரி’, வங்கியில் ஆங்கில எழுத்து வேறு என்று மூன்று ஆளாகிவிட்டால் பணம் வங்கி வாசலில் நின்றுவிடும். ஏற்கெனவே அப்படி ஆனவர்கள், இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று சத்தியக் கடதாசி முடித்து எல்லா விண்ணப்பத்தோடும் ஒரு பிரதி வையுங்கள்.

விண்ணப்பத்தை ‘எடுக்க மாட்டோம்’ என்றால், அதையும் எழுத்தில் கேளுங்கள். அட்டைக்கு விண்ணப்பித்த பற்றுச்சீட்டோடு பதிவுத் தபாலில் அனுப்பி விட்டால், நீங்கள் கேட்ட திகதி ஒன்று பதிவாகும்.

கேள்வி: அம்பாறையில் இருந்து வந்த மறுப்புக் கடிதம் முழுக்கச் சிங்களத்தில் இருக்கிறது. யாரிடம் காட்டுவது?

பதில்: அரசியலமைப்பின் 22 ஆவது உறுப்புரைப்படி கிழக்கு மாகாணத்தில் தமிழ் நிர்வாக மொழி. தமிழில் எழுதியவருக்குத் தமிழில் பதில் பெற உரிமை உண்டு. தமிழ்ப் பிரதி கேட்டு இரண்டு வரி எழுதி அனுப்புங்கள். ஆனால் நாட்கள் சிங்களக் கடிதத்தின் திகதியில் இருந்தே ஓடும் என்று எடுத்துக்கொண்டு, தெரிந்த ஆசிரியர் ஒருவரிடம் வாசிப்பித்து இன்றைக்கே காரணத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். மேன்முறையீட்டைத் தமிழிலேயே எழுதலாம்.

கேள்வி: மேன்முறையீடும் மறுக்கப்பட்டுவிட்டது. ‘தகுதியில்லை’ என்ற ஒரு சொல் மட்டும். இனி எங்கே போவது? வழக்குப் போடக் காசில்லை.
– மட்டக்களப்பு

பதில்: கடிதம் கையில் கிடைத்த திகதியை இப்போதே அதன் மேல் எழுதுங்கள், உறையையும் எறிய வேண்டாம். சமமாக நடத்தப்படும் உரிமை (12 ஆவது உறுப்புரை) மீறப்பட்டது என்று உயர் நீதிமன்றத்துக்குப் போகும் அடிப்படை உரிமை வழக்குக்கு ஒரு மாதம்தான் காலம். பலரும் இதை ஆறு மாதம் கழித்துத்தான் அறிகிறார்கள்.

அந்த ஒரு மாதத்துக்குள் இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்தால், 1996 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டத்தின் 13 ஆம் பிரிவின்படி, அங்கே விசாரணை நடக்கும் காலம் இந்த ஒரு மாதக் கணக்கில் சேராது. மட்டக்களப்பிலும் கல்முனையிலும் அதன் பிராந்திய அலுவலகங்கள் உள்ளன. முறைப்பாட்டுக்குக் காசு கட்டத் தேவையில்லை. அவசர இலக்கம் 1996. மறுத்த அலுவலகத்தை அழைத்து இரு பக்கமும் கேட்பார்கள். அநேக விடயங்கள் அந்த மேசையிலேயே, ‘மறுபடி மருத்துவப் பரிசோதனை செய்து பாருங்கள்’ என்ற அளவில் தீர்ந்துவிடும். நீதிமன்றம் வரை போக வேண்டியதில்லை.

உரிமை மீறல் என்று காட்ட முடியாமல், கோப்பைக் கவனிக்காமல் விட்டதுதான் பிரச்சினை என்றால், நிர்வாகத்துக்கான பாராளுமன்ற ஆணையாளருக்கு, அதாவது ஒம்புட்ஸ்மனுக்கு, நீங்களே நேரடியாக எழுதலாம். வழக்குத்தான் என்றால் சட்ட உதவி ஆணைக்குழு வருமானம் குறைந்தவர்களுக்கு இலவசமாக ஆலோசனையும் சட்டத்தரணியும் தருகிறது. வருமானத்துக்குக் கிராம உத்தியோகத்தரின் சான்று கொண்டுபோங்கள்.

எங்கே போனாலும் எடுத்துச் செல்ல வேண்டியது ஒரே கோப்புத்தான். திகதி வரிசையில், பழையது கீழே, புதியது மேலே. முதல் தாளில் ஐந்தாறு வரியில் திகதிகள்: விண்ணப்பம், கள விசாரணை, மறுப்பு, மேன்முறையீடு, இரண்டாம் மறுப்பு. மூலப் பிரதியை யாரிடமும் விட்டு வராதீர்கள். போட்டோ கொப்பியைக் கொடுத்து, மூலத்தைக் காட்டிவிட்டுக் கையோடு கொண்டு வாருங்கள். ‘தகுதியில்லை’ என்று மட்டும் இருப்பது உங்களுக்கு ஒரு வாதம்தான்: எந்தத் தகுதி என்று சொல்லாத மறுப்புக்குப் பதில் சொல்லவே முடியாதே என்பதை முறைப்பாட்டின் முதல் வரியாக எழுதுங்கள்.

கேள்வி: படுக்கையில் இருக்கும் தம்பியால் கையொப்பம் வைக்க முடியாது. நான் அவருக்காகக் கையொப்பமிடலாமா?

பதில்: அவர் பெயரை நீங்கள் எழுதிக் கையொப்பம்போல் வைக்காதீர்கள். வேறொரு கையெழுத்து என்று தெரிந்தால் விண்ணப்பம் முழுதும் சந்தேகத்துக்கு உள்ளாகும். இடது கைப் பெருவிரல் அடையாளம் வையுங்கள், பக்கத்தில் ‘இது இன்னாரின் பெருவிரல் அடையாளம்’ என்று எழுதி, இரண்டு சாட்சிகள் பெயரும் அடையாள அட்டை இலக்கமும் இட்டுக் கையொப்பமிடட்டும். ஒருவர் கிராம உத்தியோகத்தராக இருந்தால் நல்லது. உங்கள் கையொப்பம் தனியாக, ‘பராமரிப்பவர், சகோதரர்’ என்று குறிப்பிட்டுக் கீழே வரலாம். அவருக்காக அலுவலகம் போய்வர உங்களுக்கு அதிகாரம் தரும் ஒரு கடிதத்தையும் இதே முறையில் அன்றைக்கே எடுத்து வைத்துவிடுங்கள். மை பூசும்போது விரலை உருட்டாமல் ஒரே தரம் அழுத்தினால் கோடுகள் தெளிவாக விழும்.